பின் அச்சு மாறினால் கார் மாறுமா?

பழைய மோட்டார் கார்களின் அணிவகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் காரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். விளக்கு எப்படி இருக்கிறது, மட்கார்டு எப்படி வளைகிறது, வர்ணம் பளபளக்கிறதா என்று பார்க்கிறார்கள். "எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டுவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்துவிடுகிறார்கள். குனிந்து காரின் பின்பக்க அடியில் பார்ப்பவர் அநேகமாக ஒரே ஒருவர்தான். அவர் மெக்கானிக்காக இருப்பார்.

அவர் பார்ப்பது பின் அச்சை. பட்டறைகளில் "பின் ஆக்ஸில்" என்று சொல்கிறார்களே, அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் சேறும் எண்ணெயும் படிந்த ஓர் இரும்புத் துண்டு. ஆனால் கார் எவ்வளவு சுலபமாக வேகம் பிடிக்கிறது, ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது, வளைவில் சாலையைப் பற்றிக்கொண்டு போகிறதா அல்லது வால் வீசுகிறதா என்பதெல்லாம் பெருமளவு இதைப் பொறுத்தவை.

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்தப் பின் அச்சைக் கழற்றிவிட்டு வேறொரு காரின் பின் அச்சை மாட்ட விரும்புகிறார்கள். சிலருக்கு உதிரிப் பாகம் கிடைப்பதில்லை. சிலருக்குப் பழைய அமைப்பில் பயம். வேறு சிலருக்கு இன்றைய நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து போக வேண்டும் என்ற ஆசை. இது தனி மனிதரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாமா? முடியாது. இதில் உயிர்ப் பாதுகாப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, நம் நாட்டுத் தொழில் சரித்திரமும் இருக்கிறது.

பல் கணக்கு

முதலில் பின் அச்சு என்ன செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினில் பிறக்கும் சுழற்சி, கியர் பெட்டி வழியாக ஒரு நீண்ட ஷாப்ட்டில் ஏறிப் பின்னால் வருகிறது. அது முடியும் இடத்தில் "பினியன்" என்ற சிறிய பல்சக்கரம் இருக்கிறது. அது "கிரவுன் வீல்" என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. காரின் நீளவாக்கில் வந்த சுழற்சி இங்கே குறுக்குவாக்கில் திரும்பிச் சக்கரங்களுக்குப் போகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது நடுவிலுள்ள "டிபரென்ஷியல்".

இந்த இரண்டு பல்சக்கரங்களுக்கும் உள்ள விகிதம்தான் காரின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த 948 சி.சி. டிரையம்ப் ஹெரால்டு சலூன் காரில் இந்த விகிதம் 4.875. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஷாப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டும். பின்னர் வந்த ஹெரால்டு 1200-ல் இதை 4.11 ஆக்கினார்கள்.

முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நிமிஷத்துக்கு 3,500 சுற்று ஓடிய எஞ்சின், அதே வேகத்துக்கு 2,950 சுற்று ஓடினால் போதும். சத்தம் குறையும். தேய்மானம் குறையும். சமநிலச் சாலையில் பெட்ரோலும் மிச்சமாகும்.

ஆனால் ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுக்க வேண்டும் அல்லவா? சமதரையில் சுகமாக ஓடிய அதே கார், ஏற்காட்டு மலைப் பாதையில் மூச்சு வாங்கும். டாப் கியரில் ஏறிய இடத்தில் மூன்றாம் கியர் கேட்கும். சிறிய எஞ்சினுக்குப் பெரிய விகிதம் ஏன் வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இத்தகைய கார்களில் ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர் பெட்டியிலிருந்துதான் வருகிறது. பின்னால் பல் மாறியது முன்னால் இருக்கும் முள்ளுக்குத் தெரியாது. மேலே சொன்ன மாற்றத்தைச் செய்து, ஸ்பீடாமீட்டரைத் திருத்தாமல் விட்டால், முள் 50 கிலோமீட்டர் என்று காட்டும்போது கார் உண்மையில் சுமார் 59 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் தாம் நிதானமாகப் போவதாக நினைத்துக்கொண்டிருப்பார்!

சென்னையில் பிறந்த ஹெரால்டு

ஹெரால்டை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கார் நம் ஊரிலும் பிறந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1961 முதல் அதை "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் தயாரித்தது. பம்பாயில் பியட்டும், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடரும் உற்பத்தியான காலத்தில், நம் சென்னையின் கார் இதுதான். டாக்டர்களும் வக்கீல்களும் இதை வைத்திருந்தார்கள். இத்தாலியின் டூரின் நகரத்து மிகெலோட்டி உருவம் வரைந்த கார். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் தெருக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அதன் பின் அச்சு அக்காலத்து மற்ற கார்களைப் போன்றது அல்ல. மாட்டு வண்டியின் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் கோத்திருக்கும். அம்பாசடரின் பின் அச்சும் ஏறக்குறைய இந்த மாதிரிதான். ஒரு கெட்டியான குழாய். இரு முனையிலும் சக்கரம். மேலே இரண்டு பட்டை ஸ்பிரிங். முரட்டு அமைப்பு, ஆனால் எளிமையானது.

ஹெரால்டில் அப்படியில்லை. நடுவிலுள்ள டிபரென்ஷியல் பெட்டி சேஸிஸோடு இணைந்து அசையாமல் இருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு அரை ஷாப்ட்டுகள், பறவையின் சிறகுகள் போல, மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் மற்றதற்குத் தொந்தரவு இல்லை. சவாரி மெத்தென்று இருக்கும். இதற்கு "ஸ்விங் ஆக்ஸில்" என்று பெயர்.

குறை எங்கே? சிறகு ஆடும்போது சக்கரமும் அதோடு சாய்கிறது. வேகமாக ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், காரின் பின்பாகம் எழும்பும். சக்கரங்கள் உள்நோக்கி மடங்கும். பிடிப்புப் போய்விடும். கார் வால் வீசிச் சுழலக் கூடும்.

இது ஹெரால்டுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்காவில் 1960-ம் வருஷத்துக் காராக வந்த செவ்ரலே கார்வேரிலும் இதே வகை அச்சுதான். அதைத்தான் ரால்ப் நேடர் 1965-ல் தம் புத்தகத்தில் கடுமையாகத் தாக்கினார். அதே வகைக் கார்களில் கார்வேர் மட்டும் மோசமானது அல்ல என்று அமெரிக்க சர்க்காரின் பாதுகாப்புத் துறை பரிசோதனைக்குப் பின் 1972-ல் சொன்னது உண்மையே. ஆனால் அதற்குள் கார்வேரே தன் பின் அமைப்பை மாற்றிக்கொண்டுவிட்டது.

தொழிற்சாலையே செய்த மாற்றம்

ஹெரால்டின் கதையும் அப்படித்தான் போயிற்று. இங்கிலாந்தில் ஹெரால்டின் உடன்பிறப்புகளான விட்டெஸ், ஜி.டி.6 கார்களுக்கு 1968-ல் சக்கரம் மடங்காத புதிய பின் அமைப்பைக் கொடுத்தார்கள். மற்றொரு உடன்பிறப்பான ஸ்பிட்பயருக்கு 1970-ல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினார்கள். பட்டைகளில் பெரும்பாலானவை கெட்டியாக இறுகாமல் ஊசலாடும்படி அமைத்ததில் சக்கரம் மடங்குவது வெகுவாகக் குறைந்தது.

சென்னையில் நடந்தது வேறு. ஸ்விங் ஆக்ஸில் இங்கே வாங்குகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை; மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. பின் சக்கரத்தின் ஹப்பைக் கழற்றுவதற்கே தனிக் கருவி வேண்டும். இரவு நேரத்தில் வழியில் நின்றுபோனால் எந்தச் சிற்றூர் மெக்கானிக்கிடம் அந்தக் கருவி இருக்கும்? ஆகவே 1972-ல் ஸ்டாண்டர்டு "கெஜல்" என்ற கார் வந்தபோது, அதே 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு, பின் அச்சை மட்டும் மாட்டு வண்டி மாதிரியான கெட்டி அச்சாக மாற்றிவிட்டார்கள். சொற்ப எண்ணிக்கையிலேயே உற்பத்தியான கெஜல் 1977-ல் நின்றுபோயிற்று. அந்தக் கம்பெனியும் 1988-க்குப் பிறகு கார் தயாரிக்கவில்லை.

ஆக, பழைய காருக்கு வேறு பின் அச்சு என்பது இன்றைய இளைஞர்களின் கண்டுபிடிப்பு அல்ல. தயாரித்தவர்களே அதன் அவசியத்தை உணர்ந்து செய்த காரியம். ஹெரால்டு வைத்திருக்கும் ஒருவர், "கெஜலுக்கு அவர்கள் செய்ததை நான் செய்தால் என்ன?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது.

மாற்றுவது எளிதா?

புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய பின் அச்சை விலை பேசி எடுத்து வருவது அரை நாள் வேலை. அதைக் காருக்குப் பொருத்துவது அப்படியல்ல.

முதலாவது, அகலம். புதிய அச்சு ஓர் அங்குலம் நீளமாக இருந்தாலும் டயர் மட்கார்டில் உரசும். இரண்டாவது, சக்கரத்தின் போல்ட் துளைகள். முன் சக்கரத்துக்கு ஓர் இடைவெளி, பின் சக்கரத்துக்கு வேறு இடைவெளி என்றால், ஸ்டெப்னி எதற்குப் பொருந்தும்? மூன்றாவது, ஷாப்ட்டின் நீளமும் சாய்வும். சாய்வு தவறினால் குறிப்பிட்ட வேகத்தில் கார் முழுவதும் நடுங்கும்.

நான்காவது, பிரேக். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கனமான காரிலிருந்து எடுத்த பின் அச்சில் பிரேக் சிலிண்டரும் பெரிதாக இருக்கலாம். அதை இலேசான காரில் மாட்டினால், பிரேக் மிதித்தவுடன் பின் சக்கரங்கள் முதலில் இறுகி நின்றுவிடும். பின் சக்கரம் முதலில் இறுகினால் கார் நேராக நிற்காது, சுழலும். வால் வீசக்கூடாது என்று அச்சை மாற்றியவர், பிரேக்கின் மூலம் அதே வால் வீச்சை வரவழைத்துக்கொள்வார்.

பல் விகிதம் தெரியாத அச்சை வாங்குவதும் தவறு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கி வைத்து, ஷாப்ட் மாட்டும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால், கோடு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிவிடலாம்.

பின் அச்சு மாற்றத்தில் மூன்று படிகள் உண்டு. பழைய பெட்டிக்குள்ளேயே பல்சக்கரங்களை மட்டும் மாற்றுவது முதல் படி. ஸ்பிட்பயர் ஸ்பிரிங் போல, இருக்கும் துளைகளிலேயே வேறு பாகத்தைப் போல்ட் போட்டுப் பொருத்துவது இரண்டாம் படி. அதற்குத் துணையாக முன்பக்கத்திலும் தடித்த ரோல் பார் போட வேண்டும். முழு அச்சையும் வேறு காரிலிருந்து கொண்டுவந்து, சேஸிஸில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்து மாட்டுவது மூன்றாம் படி. ஹெரால்டின் சேஸிஸில் கெட்டி அச்சுக்குரிய நீளவாட்டுப் பட்டைகளைத் தாங்க இடமே இல்லை. ஆகையால் அங்கே வெல்டிங் தவிர்க்க முடியாதது.

முதல் இரண்டு படிகளில் செய்ததை நாளைக்கே கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கலாம். மூன்றாம் படியில் அது முடியாது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டத்துக்கு வருவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை வந்தது.

பிறகு 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. முதலில் பதிவாகி ஐம்பது வருஷம் கடந்த கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இதில் சேரலாம். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். எண் பலகையில் "வி.ஏ." என்ற எழுத்துக்கள் இருக்கும். கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், பெட்ரோல் போடுதல் போன்ற காரியங்களுக்குச் சாலையில் எடுத்துப் போகலாம். தினசரி உபயோகத்துக்குக் கூடாது. 1972-ல் பதிவான கெஜல் 2022-லேயே இந்தத் தகுதி வயதை எட்டிவிட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது.

சேஸிஸ், பாடி, எஞ்சின் என்று எழுதியிருக்கிறார்கள். பின் அச்சு என்ற சொல் அதில் இல்லை! சொந்த உபயோகக் காரின் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண் இருக்கும், சேஸிஸ் எண் இருக்கும், வர்ணம்கூட இருக்கும். பின் அச்சின் பல் விகிதம் இருக்காது.

அப்படியானால் மாற்றலாமா? பல்சக்கரத்தை மட்டும் மாற்றியவர், "சான்றிதழில் எந்த விவரமும் மாறவில்லை" என்று வாதிடலாம். சேஸிஸில் வெல்டிங் செய்தவர் அப்படி வாதிட முடியாது. அவர் அச்சை மட்டும் மாற்றவில்லை, சேஸிஸையும் தொட்டுவிட்டார். பார்க்கப் போனால் இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கெட்டி அச்சு கெஜலின் அடியில் இருந்தால் அசல். அதே மாதிரி அச்சு ஹெரால்டின் அடியில் இருந்தால் மாற்றம். இரும்பு ஒன்றே, சரித்திரம்தான் வேறு.

பிரிட்டனின் அநுபவம்

ஹெரால்டின் தாயகமான பிரிட்டனில் இந்த இடைவெளியை எண்ணால் நிரப்பப் பார்த்தார்கள். அடியோடு மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டுமானால் எட்டுப் புள்ளிகள் பெற வேண்டும் என்று நெடுங்காலம் ஒரு கணக்கு இருந்தது. அசல் சேஸிஸுக்கு 5 புள்ளி, முன் பின் அச்சுகள் இரண்டுக்கும் சேர்த்து 2, சஸ்பென்ஷனுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, கியர் பெட்டிக்கு 2, எஞ்சினுக்கு 1. எஞ்சினைவிட அச்சுகளுக்கு அங்கே மதிப்பு அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

2025 ஆகஸ்டில் அங்கே கொள்கையைத் தளர்த்தினார்கள். அசலைப் போன்ற பாகங்களைக் கொண்டு பழுது பார்த்தால் அறிவிக்க வேண்டியதில்லை. கட்டமைப்பில் பெரிய மாற்றம் செய்தாலும் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மாற்றத்தை அறிவித்தே தீர வேண்டும் என்பது அதன் சாரம். அங்கே கேள்வி "மாற்றினாயா?" என்பதிலிருந்து "சொன்னாயா?" என்பதற்கு நகர்ந்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "என் கார், என் பணம், யார் கேட்பது?" என்பது ஒரு கட்சி. சாலை எல்லோருக்கும் பொது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். "ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது" என்பது மற்றொரு கட்சி. அந்தக் கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில்தான் கோடு போட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். கழற்றித் திரும்ப மாட்டக்கூடிய மாற்றத்தை, தகுதியுள்ள ஒருவர் பிரேக்கையும் ஸ்பீடாமீட்டரையும் பரிசோதித்துச் சான்று கொடுத்த பின், பதிவேட்டில் ஒரு வரி எழுதி அனுமதிப்பதில் என்ன நஷ்டம்? 2019-ம் வருஷத் திருத்தமே இதற்கு வழி வைத்திருக்கிறது. வாகன மாற்றங்களுக்குரிய நிபந்தனைகளை மத்திய சர்க்கார் வகுக்கலாம் என்று அதில் இருக்கிறது. பழைய கார்களின் பின் அச்சு, பிரேக், சஸ்பென்ஷன் இவற்றுக்கு அத்தகைய நிபந்தனைகளைத் தெளிவாக எழுதி வைத்தால், வண்டிக்காரருக்கும் பயமில்லை, பரிசோதிக்கும் அதிகாரிக்கும் சந்தேகமில்லை. சேஸிஸை வெட்டி ஒட்டும் வேலைக்கு மட்டும் இப்போதுள்ள தடை இருந்துவிட்டுப் போகட்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. கழற்றிய பழைய அச்சை எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, மூலையில் வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், எந்த விகிதம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நடந்த மறுநாள் வழக்காக முளைக்கும். "வி.ஏ." எண் வாங்குவது உங்கள் உத்தேசமானால், நெடுஞ்சாலை வேகத்துக்காகப் பல் விகிதத்தை மாற்றுவது அவசியந்தானா என்றும் ஒரு தடவை யோசியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யலாம். ஹெரால்டின் அச்சு எவ்வளவு பழசானாலும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்திருந்தால் அது தொந்தரவு கொடுப்பதில்லை. இதற்குச் செலவு இல்லை, அனுமதியும் வேண்டாம். இதைப் பழகிப் பார்த்த பிறகும் வேறு அச்சு வேண்டும் என்று தோன்றினால், அப்போது பட்டறைக்குப் போகலாம்.